மூட்டு, இடுப்பு, தோள் வலிக்குப் பிசியோதெரபி: மதுரைக்காரர்களுக்கு முழு வழிகாட்டி

பிசியோதெரபி என்றதும் நம்ம மதுரைப் பக்கம் பலருக்கும் நினைவுக்கு வருவது "கரண்ட் வைக்கிறது". பத்து நாள் போய்ப் படுத்தால் மெஷினை ஒட்டுவார்கள், சூடு கொடுப்பார்கள், வலி போய்விடும் என்ற கணக்கு. வலி போகவில்லை என்றால் "பிசியோவும் பார்த்தாச்சு, கேட்கல" என்று ஊசி போடக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது பிசியோதெரபியின் வாசலை மட்டும்தான். கரண்டும் ஒத்தடமும் வலியைக் கொஞ்ச நேரம் தணித்து வைக்கும். அந்தத் தணிந்த நேரத்தில் மூட்டை அசைத்து, தசைக்கு வேலை கொடுத்து, நாளுக்கு நாள் அந்த வேலையைக் கூட்டுவதுதான் சிகிச்சை. அதைச் செய்ய வேண்டியவர் நீங்கள். எதை, எவ்வளவு, எப்போது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் தெரபிஸ்ட். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1: இது முதலில் டாக்டர் பார்க்க வேண்டிய வலியா?

இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுக்குள் நிற்காதது, ஆசனவாயைச் சுற்றியும் தொடையின் உள்பக்கமும் மரத்துப்போவது, காலில் பலம் வேகமாகக் குறைவது. இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கற்றை நசுங்கும்போது இப்படி ஆகும். விடியட்டும் என்று காத்திருந்தால் குறை நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும்.

கீழே விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாதது, காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்குவது, காரணம் தெரியாமல் எடை குறைவது, எப்படிப் படுத்தாலும் ராத்திரி தூங்கவிடாத வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் எலும்பு வலி ஆகியவையும் டாக்டர் முதலில் பார்க்க வேண்டியவை. இடது தோளும் கையும் வலித்து, கூடவே நெஞ்சு இறுக்கி வியர்த்தால் அதை "வாயு" என்று சொல்லி நீவிவிடக் கூடாது. இதயத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அதையும் தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

எண்ணெய் தடவி இதமாக நீவிவிடுவதில் தப்பில்லை, பலருக்கு அது ஆறுதல் தருகிறது. ஆனால் சலூனில் முடி வெட்டிய கையோடு கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுக்கிறார்களே, அதற்கு மட்டும் தலையைக் கொடுக்காதீர்கள். கழுத்தின் ரத்தக்குழாய் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. எலும்பு முறிந்ததா என்று எக்ஸ்ரே பார்க்காமல் கட்டு போட்டுக்கொள்வதும் வேண்டாம். கோணலாகக் கூடிய எலும்பை எந்தப் பயிற்சியாலும் நேராக்க முடியாது.

படி 2: யாரிடம் போவது

பிசியோதெரபி இளநிலைப் பட்டமான பி.பி.டி. பெற்றவரா என்று கேளுங்கள். நான்கு ஆண்டுப் படிப்பு, அதோடு ஆறு மாதம் மருத்துவமனைப் பயிற்சி என்பதுதான் அந்தப் பட்டத்துக்கு நெடுங்காலமாக இருந்துவந்த அளவு. 2021-இல் வந்த மத்தியச் சட்டம் பிசியோதெரபிஸ்டுகளையும் முறைப்படுத்தப்பட்ட சுகாதாரத் துறை வல்லுநர்களாகச் சேர்த்திருக்கிறது. மெஷின் இருக்கும் அறை எல்லாம் பிசியோதெரபி நிலையம் ஆகிவிடாது.

காசு செலவழிக்க வசதி இல்லை என்றால் கோரிப்பாளையம் பக்கம் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு அங்கேயே பிசியோதெரபிக்கும் போகலாம். கிராமத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் பஸ் ஏறி மதுரைக்கு வர முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்க ஏற்பாடு உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள், கேட்டால்தான் பெயர் சேரும். உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து மூன்று பஸ் மாறி வந்து பத்து நிமிடம் கரண்ட் வைத்துக்கொண்டு திரும்புவதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து சரியான பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டில் தினமும் செய்வது எத்தனையோ மேல். இதைத் தெரபிஸ்டிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, எனக்கு தூரம். வீட்ல செய்யுற மாதிரி சொல்லிக் குடுங்க."

படி 3: முதல் நாள் என்ன சொல்ல வேண்டும்

எக்ஸ்ரே, ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைகள், சர்க்கரை அளவு எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். அதைவிட முக்கியம், எப்போது வலிக்கிறது என்ற விவரம். காலையில் எழுந்ததும் இறுக்கமா, இருந்தால் எத்தனை நிமிடத்தில் விடுகிறது? படி ஏறும்போதா, இறங்கும்போதா? உட்கார்ந்தால் கூடுகிறதா, நடந்தால் கூடுகிறதா? நடந்தால் கெண்டைக்கால் கடுத்து, உட்கார்ந்தால் உடனே விடுகிறது என்றால் ஒரு வழி. குனிந்தால் மின்சாரம் மாதிரி கால் வரை ஓடுகிறது என்றால் வேறு வழி. காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கும் மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது தேய்மானம் அல்ல, வாத நோயாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும்.

நல்ல தெரபிஸ்ட் உங்களை நடக்கவிட்டுப் பார்ப்பார், குனியச் சொல்வார், காலைத் தூக்கச் சொல்லித் தன் கையால் அமுக்கித் தசையின் பலத்தைச் சோதிப்பார். தொட்டுப் பார்க்காமலே மெஷினை மாட்டினால் வேறு இடம் பாருங்கள்.

அப்புறம், "வலி போகணும்" என்பதோடு நிறுத்தாமல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். தரையில் உட்கார்ந்து பந்தியில் சாப்பிட வேண்டும், மாடி ஏறித் துணி காயப்போட வேண்டும், வரும் சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளத்தில் நின்று அழகரைப் பார்க்க வேண்டும். இப்படிச் சொன்னால் அதற்கேற்ற பயிற்சி கிடைக்கும். கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நிற்கத் தேவையான கால் வேறு, தரையிலிருந்து எழத் தேவையான கால் வேறு.

படி 4: ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

"டிஸ்க் விலகிடுச்சு", "ஜவ்வு தேஞ்சுபோச்சு", "எலும்பும் எலும்பும் உரசுது". இந்த மூன்று வாக்கியங்களும் முடக்கிப்போட்ட ஆட்கள் நிறைய. அந்த வார்த்தைகளைக் கேட்ட நாளிலிருந்து குனிய மாட்டார்கள், தூக்க மாட்டார்கள், நடப்பதைக் குறைத்துவிடுவார்கள். தசை சுருங்கும், எடை கூடும், வலியும் கூடும்.

வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 20 வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் அது 96 விழுக்காடு. முடி நரைப்பதைப் போல வயதோடு வருவதில் பெரும்பகுதி அது. ஸ்கேன் பொய் சொல்வதில்லை. ஆனால் அதில் தெரிவதெல்லாம் உங்கள் வலிக்குக் காரணம் என்று அர்த்தமில்லை.

மூன்று மாதத்துக்கும் மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அடிபட்ட திசு ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் எச்சரிக்கையைக் குறைக்காமலே இருந்துவிடுவது இதில் அடிக்கடி நடக்கும். தூக்கம் கெட்டால் வலி கூடும், வீட்டுக் கவலை கூடினால் வலி கூடும். வலி கற்பனை என்று இதற்குப் பொருள் இல்லை. வலி உண்மை, ஆனால் ஒவ்வொரு வலியும் உள்ளே ஏதோ கிழிகிறது என்ற செய்தி அல்ல. பயப்படாமல் சிறுகச் சிறுக அசைக்கும்போது அந்த எச்சரிக்கை மெல்லத் தணிகிறது. பயிற்சி தசைக்கு மட்டுமல்ல, நரம்புக்கும்தான்.

படி 5: பயிற்சி

கீழே உள்ளவை பொதுவாகச் சொல்லிக்கொடுக்கப்படுபவை. அறுவை சிகிச்சை ஆனவர்கள், எலும்பு முறிந்தவர்கள், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தெரபிஸ்ட் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

*முழங்கால்.* மூட்டு வலியில் முதலில் சோம்பிப்போவது தொடையின் முன்பக்கத் தசை. அது பலமிழந்தால் ஒவ்வொரு அடியின் அதிர்வும் நேராக மூட்டில் இறங்கும். துண்டு ஒன்றைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் பின்பக்கத்தால் அந்தத் துண்டைத் தரையோடு அழுத்துங்கள். கையைத் தொடைமேல் வைத்துப் பார்த்தால் தசை கல்லாக இறுகுவது தெரிய வேண்டும், முழங்கால் சில்லு கொஞ்சம் மேலே ஏறும். ஐந்து நொடி, பிறகு விடுங்கள். பத்து முறை. மூச்சை அடக்காமல் வாய்விட்டு எண்ணுங்கள். பலரும் இங்கே தொடையை விட்டுவிட்டு இடுப்பைத் தூக்குகிறார்கள், அல்லது பாதத்தை மட்டும் ஆட்டுகிறார்கள். அதனால்தான் முதல் வாரம் கையால் தொட்டுப் பார்த்துச் செய்யச் சொல்கிறேன்.

அது சுலபமான பிறகு உட்கார்ந்து எழுவது. நாற்காலி நகராதபடி சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும். விளிம்புக்கு வந்து, பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, உடம்பை முன்னே சாய்த்து எழுங்கள். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்குங்கள், பலம் வருவது அந்த இறக்கத்தில்தான். முடியவில்லை என்றால் நாற்காலிமேல் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எட்டு முறை, சற்று ஓய்வு, மறுபடி எட்டு முறை. வாரத்தில் மூன்று நாள் போதும், இடையில் தசைக்கு ஓய்வு வேண்டும்.

எடை கூடியவர்கள் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால்மேல் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறையும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆகவே ஐந்து கிலோ குறைப்பது சின்ன விஷயம் அல்ல.

சம்மணம் போட்டால் மூட்டு தேயும் என்று சிறுவர்களைக்கூட நாற்காலியில் உட்காரவைக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. மூட்டு வீங்கி வலிக்கும்போது தரையைக் கொஞ்ச நாள் தவிர்க்கலாம், வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். ஆனால் வலி அடங்கியதும் தரைக்குத் திரும்பப் பழக வேண்டும். தரையில் உட்கார்ந்து எழத் தெரிந்த உடம்பு, விழுந்தாலும் தானாக எழும்.

*இடுப்பு.* பிடித்துக்கொண்ட முதல் இரண்டு நாள் ரொம்பப் பயமாக இருக்கும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துச் சற்று நேரம் படுக்கலாம், ஆனால் நாள் கணக்கில் படுக்கையில் கிடக்காதீர்கள். வீட்டுக்குள்ளேயே மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும், நடமாடுகிறவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள். பெல்ட் பாரம் தூக்கும் நேரத்துக்கோ சில நாளுக்கோ சரி. ராத்திரி பகலாகக் கட்டிக்கொண்டே திரிந்தால் பெல்ட் இல்லாமல் நடக்கவே தைரியம் வராது.

கால் வரை இறங்கும் வலிக்குச் சிலருக்கு நன்றாகக் கேட்பது, குப்புறப் படுத்து மார்பைக் கையால் உயர்த்தும் பயிற்சி. இடுப்பு தரையிலேயே இருக்க வேண்டும். பத்து முறை செய்துவிட்டு, வலி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதத்திலிருந்து வலி விலகி, தொடைக்கு, இடுப்புக்கு ஏறி வந்தால் நல்ல அடையாளம், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. மாறாகக் கீழே பாதத்தை நோக்கி இறங்கினாலோ மரமரப்பு கூடினாலோ நிறுத்திவிட்டுத் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள், உங்களுக்கு வேறு திசை வேண்டும். நியூசிலாந்தைச் சேர்ந்த ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட் 1950-களில் கண்டு வளர்த்த முறை இது.

அடுத்து, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, புட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்குவது. ஐந்து நொடி நிறுத்தி இறக்குங்கள், பத்து முறை.

*தோள்.* சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். ஜாக்கெட் ஊக்கு மாட்ட முடியாது, தலை வார முடியாது. இது தானே விட ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரைகூட ஆகலாம், அதனால் பொறுமை வேண்டும். ராத்திரி வலி கடுமையாக இருக்கும் கட்டத்தில் யாரும் கையைப் பிடித்து வலுக்கட்டாயமாகத் தூக்கக் கூடாது. மேசையைப் பிடித்துக் குனிந்து, கையைத் தொங்கவிட்டு ஊசல் மாதிரி மெல்ல ஆட்டினால் போதும். வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சும்போது, சுவரில் விரல்களால் ஏறுவது, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து நல்ல கையால் மேலே இழுப்பது என்று கூட்டலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் இந்தச் சிகிச்சையின் பகுதிதான்.

படி 6: எவ்வளவு வலி சரி?

வலியில்லாமல் செய்ய வேண்டும் என்று காத்திருந்தால் தொடங்கவே முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதும் ஆகாது. பூச்சியம் வலியே இல்லை, பத்து தாங்க முடியாத வலி என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது மூன்று வரை போகலாம். நாலு, ஐந்து என்றால் கவனம். அதற்கு மேல் போனால் எண்ணிக்கையைக் குறையுங்கள். கூடிய வலி மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை, மூட்டு வீங்கியிருக்கிறது என்றால் நேற்றுச் செய்தது அதிகம் என்று பொருள். பயிற்சியை விடாதீர்கள், பாதியாக்குங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இரண்டு மூன்று நாள் தசை கடுக்கும், அது வேறு. தசைக்கு உண்மையான பலம் ஏற ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். பத்து நாளில் முடிவு கட்டாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மெஷின் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் கரண்ட் வைக்கும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெந்நீர் ஒத்தடம், சுடுமணல் மூட்டை எதையும் காலில் வைக்க வேண்டாம். சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்து புண்ணாகிவிடும்.

படி 7: செய்யும் வேலையைக் கொஞ்சம் மாற்றுங்கள்

வேலையை விடச் சொல்வது சுலபம், சோறு யார் போடுவது? சோழவந்தான் பக்கம் நடவுக்குப் போகிற அக்காமார் மணிக்கணக்கில் குனிந்தே நிற்கிறார்கள். அவர்களிடம் குனியாதே என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு பாத்தி முடிந்ததும் நிமிர்ந்து, இடுப்பில் இரு கையையும் வைத்து ஐந்து முறை பின்னால் வளையச் சொன்னால் செய்ய முடியும். நாற்றுமுடியைத் தூக்கும்போது உடம்போடு அணைத்துத் தூக்கச் சொன்னால் செய்ய முடியும்.

மல்லிகை கட்டுகிறவர்களுக்குக் கழுத்தும் கட்டைவிரலடியும் போகும். பூக்கூடையைத் தரையில் வைக்காமல் மடி உயரத்துக்கு ஒரு முக்காலியில் வைத்தாலே கழுத்தின் வளைவு குறையும். ஒவ்வொரு முழம் முடிந்ததும் விரல்களை விரித்து மடக்குங்கள். செல்லூர் பக்கம் தறியில் உட்காருபவர்களுக்கு இடுப்பும் முழங்காலும், பரோட்டாக் கடையில் மாவு வீசுகிறவருக்குத் தோள். யாராக இருந்தாலும் ஒரே நிலையில் அரை மணிக்கு மேல் இருக்காதீர்கள் என்பதுதான் சொல்ல வேண்டியது. டூவீலரில் தினமும் ஒத்தக்கடை, திருமங்கலம் என்று போய்வருபவர்கள் பையை முதுகில் தொங்கவிடாமல் வண்டியில் வையுங்கள்.

படி 8: நடை, சமநிலை, மறுபடி வலி வந்தால்

வாரத்துக்கு 150 நிமிடமாவது ஓரளவு வேகமான நடை அல்லது அதற்கு ஈடான உழைப்பு, வாரத்தில் இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். ஒரே மூச்சில் வேண்டியதில்லை, பத்துப் பத்து நிமிடமாகப் பிரிக்கலாம். முழங்கால் வலிக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டினால் போதும். நம்ம ஊர் வெயிலுக்குச் சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பது முழங்காலுக்கு நல்லது, தரை சமம், களைத்தால் உட்கார இடம் உண்டு. யானைமலை, திருப்பரங்குன்றம் படிகளைப் பலம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மலையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைச் சோதிக்கும்.

அறுபதைத் தாண்டியவர்கள் சமநிலைப் பயிற்சியையும் சேர்க்க வேண்டும். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் பத்து நொடி நிற்பது, குதிகாலும் விரலும் தொடும்படி நேர்கோட்டில் நடப்பது. பக்கத்தில் ஆள் இருக்கட்டும். குளியலறையில் கைப்பிடி ஒன்று போடுங்கள், வாசலில் சுருண்டு கிடக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். இடுப்பெலும்பு முறிவுகள் பெரும்பாலும் இப்படி வீட்டுக்குள் விழுந்துதான் வருகின்றன.

கடைசியாக, வலி திரும்ப வரும். கல்யாண வீட்டில் இரண்டு நாள் நின்றாலோ, அறுவடையில் மூட்டை தூக்கினாலோ, தூக்கமில்லாமல் போனாலோ வரும். அப்போது எல்லாம் பாழாகிவிட்டது என்று நினைக்காமல், முதல் வாரம் செய்த சுலபமான பயிற்சிக்கு இறங்குங்கள். நடையைப் பாதியாக்குங்கள், ஒத்தடம் கொடுங்கள், தேவைப்பட்டால் டாக்டர் சொன்ன மாத்திரையை டாக்டர் சொன்ன நாள் வரை மட்டும் சாப்பிடுங்கள். வலி மாத்திரையைக் கடையில் வாங்கி மாதக் கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். ஒரு வாரத்தில் குறையத் தொடங்கினால் பழைய அளவுக்கு ஏறுங்கள். இரண்டு வாரமாகியும் அசையவில்லை, அல்லது புதிதாக மரத்துப்போகிறது, பலம் குறைகிறது என்றால் பயிற்சி எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு தெரபிஸ்டிடம் போங்கள். எந்த நாள் எதைச் செய்தீர்கள், மறுநாள் எப்படி இருந்தது என்று அதில் நாலு வரி எழுதியிருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.